கல்லூரியின் பெயர், வெளியாரின் வகுப்பு: மானியப் பயிற்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரியவர்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுப்பது என் பிழைப்பு. நிரந்தர வேலை கிடையாது, கூப்பிடுகிற இடத்தில் போய் நடத்துவேன். அதனால் ஸ்கில்ஸ்ஃபியூச்சர், அதாவது பெரியவர்கள் திறன் பயிற்சி பெறச் சிங்கப்பூர் அரசாங்கம் மானியம் தரும் திட்டம் பற்றிய கேள்விகள் வாட்ஸ்அப்பில் வந்தபடி இருக்கும். அவற்றில் அதிகம் வருவது, "கல்லூரியில் சேர்ந்தேன், ஆனால் பாடம் நடத்துவது வேறு யாரோ, இது சரியா?" என்ற வகைதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து விரல் வலிப்பதால், எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஒரு குறுகிய காலப் பயிற்சியில் சேர்ந்தேன். போய்ப் பார்த்தால் இடம் வேறு, ஆசிரியர் கழுத்தில் தொங்கும் அட்டையில் வேறு நிறுவனத்தின் பெயர். ஏமாற்றுகிறார்களா?

பெரும்பாலும் இல்லை. மக்கள் பணத்தில் நடக்கும் பெரியவர்களுக்கான பயிற்சியில், பெயர் கொடுப்பவரும் பாடம் நடத்துபவரும் வேறு வேறாக இருப்பது உலகம் முழுக்க உள்ள ஏற்பாடு. சிங்கப்பூரில் இது பல வடிவங்களில் நடக்கிறது. கல்லூரி, துறையில் வேலை செய்யும் ஒருவரைப் பகுதிநேர விரிவுரையாளராக அழைத்து வரலாம். ஒரு தொழில் நிறுவனத்தோடு கைகோத்து, "இருவரும் சேர்ந்து வழங்கும் பயிற்சி" என்று அறிவிக்கலாம். பாடத்திட்டமும் தேர்வும் தன்னுடையதாக இருக்க, வகுப்பை மட்டும் வெளியே விடலாம். ஐடிஇ எனும் தொழில்நுட்பக் கல்விக் கழகம் "அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி நிலையம்" என்ற ஏற்பாட்டை நெடுங்காலமாக வைத்திருக்கிறது. வெளி நிறுவனம் ஐடிஇ பாடத்தை நடத்தும், சான்றிதழ் ஐடிஇ பெயரில் வரும். அதில் ஒளிவுமறைவே இல்லை.

ஆகவே வகுப்பு வெளியாரிடம் போனது என்பதே குற்றமில்லை. அதை உங்களிடம் சொன்னார்களா, குறை வந்தால் யார் பதில் சொல்வார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கல்லூரியிடம் ஆசிரியர்கள் இருக்கிறார்களே, ஏன் வெளியே கொடுக்க வேண்டும்?

பள்ளி முடித்து வரும் 17 வயதுப் பிள்ளைகளுக்கான அட்டவணை பகலில். வேலைக்குப் போகும் நமக்கு இரவு 7 மணிக்கும் சனிக்கிழமையும் வகுப்பு வேண்டும். பகல் முழுக்கப் பாடம் நடத்திய விரிவுரையாளரை வாரத்தில் நாலு இரவு நிற்கச் சொன்னால் அவர் எத்தனை மாதம் தாங்குவார்?

இரண்டாவது, பாடங்கள் மாறும் வேகம். இணையப் பாதுகாப்பு, தரவுப் பகுப்பாய்வு, செயற்கை நுண்ணறிவு போன்றவற்றில் இன்று வேலையில் இருப்பவருக்குத்தான் இன்றைய நிலவரம் தெரியும். அவரைக் கல்லூரி முழுநேரமாக எடுக்கவும் முடியாது, அவர் வரவும் மாட்டார். மூன்றாவது, தேவை ஏறி இறங்குவது. 2020இல் கொவிட் வந்தபோது அரசாங்கம் எஸ்ஜியுனைடெட் திறன் திட்டத்தைத் தொடங்கி, பயிற்சியில் சேர்ந்தவர்களுக்கு மாதம் 1,200 வெள்ளி படித்தொகை கொடுத்தது. ஒரே நேரத்தில் பல்லாயிரம் பேருக்கு இடம் வேண்டியிருந்தது. அந்த மாதிரிக் காலத்துக்கென்று நிரந்தர ஊழியர்களை வைத்துக்கொண்டு காத்திருக்க எந்தக் கல்லூரியாலும் முடியாது.

இவை நியாயமான காரணங்கள். நியாயமில்லாத காரணமும் ஒன்று உண்டு: வேலை செய்யாமல் நடுவில் ஒரு பங்கு எடுத்துக்கொள்வது. அதற்குக் கீழே வருகிறேன்.

எஸ்எஸ்ஜி, டபிள்யுஎஸ்கியூ, ஊழியரணி... யார் யார் என்று தலை சுற்றுகிறது.

சுருக்கமாகச் சொல்கிறேன். 2003இல் ஊழியரணி மேம்பாட்டு அமைப்பு வந்தது. 2005இல் டபிள்யுஎஸ்கியூ என்ற தேசியத் திறன் தகுதி முறை தொடங்கியது. 2016 அக்டோபரில் அந்த அமைப்பு இரண்டானது. பயிற்சியைக் கவனிக்கும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிங்கப்பூர், அதாவது எஸ்எஸ்ஜி, கல்வி அமைச்சின் கீழ். வேலை தேடித் தருவதைக் கவனிக்கும் ஊழியரணி சிங்கப்பூர், மனிதவள அமைச்சின் கீழ். உங்கள் வகுப்புக்கு மானியம் தருவதும், எந்த நிறுவனம் நடத்தலாம் என்று முடிவு செய்வதும் எஸ்எஸ்ஜி.

இது யார் பணம்?

உங்கள் பணமும் என் பணமும். வரிப்பணம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் திறன் மேம்பாட்டுத் தீர்வை. 1979 முதல் நடப்பில் உள்ள சட்டம் அது. ஒவ்வோர் ஊழியருக்கும் மாதச் சம்பளத்தில் 0.25 விழுக்காட்டை முதலாளி கட்ட வேண்டும். குறைந்தது 2 வெள்ளி, அதிகபட்சம் 11 வெள்ளி 25 காசு. மத்திய சேமநிதியோடு சேர்த்து வசூலிப்பதால் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

வெளிநாட்டு ஊழியருக்காகவும் முதலாளி இதைக் கட்டுகிறார் என்பதைக் கவனியுங்கள். அது ஏன் முக்கியம் என்று வொர்க் பெர்மிட் கேள்வியில் தெரியும்.

எனக்கு எவ்வளவு மானியம்?

எஸ்எஸ்ஜி ஆதரவு பெற்ற பயிற்சியில் 21 வயதைத் தாண்டிய குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் பொதுவாகக் கட்டணத்தில் பாதி வரை. 40 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரருக்கு 70 விழுக்காடு வரை. பலதுறைத் தொழிற்கல்லூரி, ஐடிஇ போன்ற அரசு நிலையங்களின் முழுத் தகுதிப் படிப்புகளில் அவர்களுக்கு 90 விழுக்காடு வரை போகும். மீதியை, அரசாங்கம் பயிற்சிக்கென்று உங்கள் கணக்கில் போட்டிருக்கும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையிலிருந்து கட்டலாம். தொழிற்சங்க உறுப்பினராக இருந்தால் என்டியுசியின் பயிற்சி உதவித் திட்டத்திலும் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும்.

500 வெள்ளி, 4,000 வெள்ளி என்கிறார்களே, எது எதற்கு?

25 வயதான குடிமக்களுக்கு 2016இல் கொடுக்கத் தொடங்கிய 500 வெள்ளிக்குக் காலாவதி கிடையாது. 2020இல் கூடுதலாகக் கொடுத்த தொகைக்கு மட்டும் 2025 டிசம்பர் 31 என்று கெடு வைத்தார்கள். கடைசி மாதங்களில் வந்த "உடனே பயன்படுத்துங்கள், போய்விடும்" விளம்பரங்கள் எல்லாம் இந்தக் கெடுவை வைத்துத்தான். 4,000 வெள்ளி என்பது 2024 மே மாதம் 40 வயதைத் தாண்டியவர்களுக்குக் கொடுத்தது. அதற்கும் காலாவதி இல்லை, ஆனால் எல்லாப் பயிற்சிக்கும் செல்லாது. வேலைவாய்ப்புக்கு உதவும் என்று தேர்ந்தெடுத்த பட்டயப் படிப்புகள், வேலை மாற்றத்துக்கான திட்டங்கள் போன்றவற்றுக்கு மட்டும். அரைநாள் கேக் அலங்கார வகுப்புக்கு அதைத் தொட முடியாது.

கட்டணத்தில் எவ்வளவு கல்லூரி எடுத்துக்கொள்கிறது, எவ்வளவு நடத்துபவருக்குப் போகிறது?

இதைத்தான் யாரும் வெளியே சொல்வதில்லை. பங்கு ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும்.

நடுவில் இருப்பவர் பங்கு எடுப்பதைத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். பாடத்திட்டம் எழுத, ஒப்புதல் வாங்க, இடம் கொடுக்க, தேர்வைச் சரிபார்க்க, புகாருக்குப் பதில் சொல்ல எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. இவற்றைச் செய்தால் அந்தப் பங்கு கூலி. எதையும் செய்யாமல் பெயரை மட்டும் கொடுத்து எடுத்தால் அது வாடகை.

நம்மில் பலருக்குக் கட்டுமானத் துறை தெரியும். மெயின்கான் எனும் முதன்மை ஒப்பந்ததாரர் வேலையை எடுத்து சப்கான் எனும் துணை ஒப்பந்ததாரருக்குக் கொடுப்பார், அவர் இன்னொரு சப்கானுக்குக் கொடுப்பார், கடைசியில் சிமெண்ட் பூசுகிறவருக்குக் கிடைப்பது எவ்வளவு என்று கேட்காதீர்கள். பயிற்சியிலும் சங்கிலி நீண்டால் அதே கதி. கழிவு எல்லாம் போன பிறகு மிஞ்சியதில்தான் பயிற்றுநரின் ஊதியம், பயிற்சிக் கருவி, அச்சடித்த குறிப்பு எல்லாம் வர வேண்டும். முதலில் வெட்டு விழுவது தயாரிப்பு நேரத்தில். பயிற்றுநர் போன மாதம் வேறு இடத்தில் காட்டிய அதே படவில்லைகளைக் கொண்டு வருவார். அப்புறம் ஆள் எண்ணிக்கை. 15 பேருக்கு என்று திட்டமிட்ட செய்முறை வகுப்பில் 25 பேர் உட்கார்ந்திருப்பார்கள். கருவி அதே ஐந்துதான்.

கல்லூரியின் வாசலில் பார்த்தால் இது எதுவும் தெரியாது. வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்தால் தெரியும்.

சேர்வதற்கு முன்பே எப்படிக் கண்டுபிடிப்பது?

எஸ்எஸ்ஜியின் மைஸ்கில்ஸ்ஃபியூச்சர் தளத்தில் பயிற்சியைத் தேடுங்கள். டிஜிஎஸ் என்று தொடங்கும் குறிப்பெண் இருக்கும். அந்தப் பக்கத்தில் பயிற்சி நிறுவனம் என்று யார் பெயர் போட்டிருக்கிறதோ அவர்தான் எஸ்எஸ்ஜியிடம் பதில் சொல்ல வேண்டியவர். துண்டுப் பிரசுரத்தில் இருக்கும் பெயரும் தளத்தில் இருக்கும் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். வேறாக இருந்தால் போன் போட்டுக் கேளுங்கள். முன்பு படித்தவர்கள் கொடுத்த நட்சத்திர மதிப்பீடும் அங்கேயே உண்டு. ஆனால் எத்தனை பேர் மதிப்பிட்டார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஆறு பேர் கொடுத்த ஐந்து நட்சத்திரத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

போனில் என்ன கேட்பது என்று தயங்குகிறவர்களுக்கு: வகுப்பை நடத்துவது உங்கள் ஊழியரா, வெளி நிறுவனமா? வெளி நிறுவனம் என்றால் அதன் பெயர் என்ன? தேர்வை மதிப்பிடுவது யார்? சான்றிதழில் யார் பெயர் வரும்? வகுப்பு ரத்தானால் பணத்தை யார் திருப்பித் தருவார்கள்? பதிலை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். நல்ல நிறுவனம் பத்து நிமிடத்தில் அனுப்பிவிடும். "அதெல்லாம் வகுப்புக்கு வந்த பிறகு சொல்வார்கள்" என்று இழுக்கிற இடத்தில் என் தங்கையைச் சேர விட மாட்டேன்.

வெளியார் நடத்திய வகுப்பு என்றால் சான்றிதழ் மதிப்புக் குறையுமா?

குறையாது, அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியாக இருந்தால். டபிள்யுஎஸ்கியூ சான்றிதழ் தேசிய முறையின் கீழ் வருகிறது. வகுப்பை எந்த அறையில் யார் எடுத்தார்கள் என்பது அதில் ஏறாது. மின்னிலக்கச் சான்றிதழ்களை 2019இல் வந்த ஓபன்சர்ட்ஸ் தளத்தில் முதலாளி நேரடியாகச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

எச்சரிக்கை ஒன்று. "வருகைச் சான்றிதழ்" என்பது தகுதிச் சான்றிதழ் அல்ல. கல்லூரியின் சின்னம் பெரிதாக அச்சடித்து, உள்ளே "கலந்துகொண்டார்" என்று மட்டும் எழுதியிருக்கும் தாள்களை வீட்டில் சட்டம் போட்டு மாட்டலாம். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது பெரிய பயன் இருக்காது. எந்த வகை கிடைக்கும் என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

பாடம் படுமோசம். கல்லூரியைக் கேட்டால் "நடத்துவது அவர்கள்" என்கிறார்கள், அவர்களைக் கேட்டால் "கல்லூரியிடம் பேசுங்கள்" என்கிறார்கள். என்ன செய்வது?

பந்தாட்டம். விட்டுவிடாதீர்கள்.

வேலையைக் கைமாற்றலாம், பொறுப்பைக் கைமாற்ற முடியாது. எஸ்எஸ்ஜி தளத்தில் யார் பெயரில் பயிற்சி இருக்கிறதோ, யார் உங்கள் பெயரைப் பதிந்து மானியம் கேட்டார்களோ, அவர்கள்தான் உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். உங்களிடம் பணம் வாங்கிய ரசீதை எடுத்துப் பாருங்கள். அதிலும் அந்தப் பெயர்தான் இருக்க வேண்டும். இல்லையென்றால் அதுவே ஒரு புகார்.

எழுத்தில் கேளுங்கள். "பாடம் சரியில்லை" என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. "பாடத்திட்டத்தில் 8 மணி நேரம் செய்முறை என்று இருக்கிறது, நடந்தது 2 மணி நேரம்" என்று எழுதினால் ஓடி வருவார்கள். பயிற்சி முடிந்ததும் எஸ்எஸ்ஜியிடமிருந்து கருத்தாய்வு இணைப்பு வரும். அதைப் பலர் அழித்துவிடுகிறார்கள். நட்சத்திர மதிப்பீடு அதிலிருந்துதான் வருகிறது, இரண்டு நிமிடம் செலவழியுங்கள். பயிற்றுநர் பக்கத்தில் நின்றுகொண்டு "ஐந்து போடுங்க" என்று கெஞ்சினாலும் மனத்தில் பட்டதைப் போடுங்கள். நானும் பயிற்றுநர்தான், இருந்தாலும் சொல்கிறேன்.

நிறுவனம் அசையவில்லை என்றால் எஸ்எஸ்ஜிக்கு எழுதலாம். பணம் திரும்ப வர வேண்டும் என்றால் பயனீட்டாளர் சங்கமான கேஸ் உதவும். அதற்கும் மேல் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரையிலான வழக்கை, வழக்கறிஞர் இல்லாமல், இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

ஒவ்வொரு நாளும் கைப்பேசியில் க்யூஆர் ஸ்கேன் செய்து, சிங்பாஸ் (அரசாங்க மின்னடையாளம்) போட்டு வருகைப் பதிவு. பெரியவர்களைப் பள்ளிப் பிள்ளைகள் போல நடத்துகிறார்களே?

அலுப்பாகத்தான் இருக்கும், காலை 9 மணிக்கு இருபது பேர் வரிசையில் நின்று "என் சிங்பாஸ் திறக்கவில்லை" என்று சொல்லும்போது எனக்கும் அலுப்புதான். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

தொடக்கத்தில் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை பயிற்சிக்குப் போனவரின் கைக்கே வரும் வழி இருந்தது. சேர்ந்தேன் என்று ஒரு ரசீதைக் காட்டினால் போதும். சுமார் 4,400 பேர் போகாத வகுப்புக்குக் காசு கேட்டார்கள் என்று பின்னர் கண்டுபிடித்தார்கள். மொத்தம் ஏறத்தாழ 2.2 மில்லியன் வெள்ளி. திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் போனது. அதன் பிறகு பணம் நேராகப் பயிற்சி நிறுவனத்துக்குப் போகும்படி மாற்றினார்கள்.

பெரிய அடி 2017இல் விழுந்தது. பயிற்சி நிறுவனங்கள் என்றும், ஊழியர்களை அனுப்பும் முதலாளிகள் என்றும் இரண்டு பக்கமும் பெயரளவு நிறுவனங்களை வைத்திருந்தது ஒரு கும்பல். நடக்காத வகுப்பு, வேலை செய்யாத ஊழியர்கள், போலி ஆவணங்கள். அந்த ஆண்டு மே முதல் அக்டோபர் வரை வெளியே போன பணம் 39.9 மில்லியன் வெள்ளி. விசாரணையில் மில்லியன் கணக்கில் ரொக்கமும் 11 கிலோ தங்கமும் சிக்கின. சம்பந்தப்பட்டவர்கள் சிறைக்குப் போனார்கள்.

இதில் நம் விஷயத்துக்கு வேண்டிய பாகம் எது என்றால், பணம் கேட்கிறவரும் வகுப்பு நடந்தது என்று சாட்சி சொல்கிறவரும் ஒரே ஆளாக இருந்ததுதான். காகிதத்தைப் பார்த்து யாரும் சந்தேகப்படவில்லை. வகுப்பை வெளியே கொடுக்கும்போதும் இதே ஆபத்து வேறு உருவில் உண்டு. கல்லூரிக்காரர் யாரும் அறைக்குள் எட்டிப் பார்க்காவிட்டால், நடத்துகிறவர் அனுப்பும் வருகைப் பட்டியல்தான் அவர்களுக்கு உண்மை. இப்போது உங்கள் சிங்பாஸ் வழியாக நீங்களே பதிவதால், சாட்சி நீங்கள் ஆகிறீர்கள். அதனால் "நான் போட்டுக்கொள்கிறேன், நீங்கள் சாப்பிடப் போங்கள்" என்று யாராவது உங்கள் கைப்பேசியை வாங்கினால் கொடுக்காதீர்கள்.

இரண்டு நாள் போக முடியவில்லை. முழுக் கட்டணம் கட்டச் சொல்கிறார்கள். முடியுமா?

முடியும். எஸ்எஸ்ஜி மானியத்துக்குப் பொதுவாக 75 விழுக்காடு வருகையும் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும். அது இல்லாவிட்டால் நிறுவனத்துக்கு மானியம் வராது, அதை உங்களிடம் கேட்பார்கள். சேரும்போது கையெழுத்துப் போட்ட தாளில் அது இருக்கும். இரண்டு நாள் பயிற்சியில் ஒரு நாள் போகாவிட்டாலே பாதி போயிற்று. காய்ச்சல் என்றால் மருத்துவச் சான்றிதழோடு அடுத்த வகுப்புக்கு மாற்றச் சொல்லுங்கள், பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள்.

எம்ஆர்டி நிலையத்துக்கு வெளியே மேசை போட்டு "இலவசப் பயிற்சி, வவுச்சர் தருகிறோம்" என்று நிற்கிறார்களே?

நடந்துவிடுங்கள். மூன்றாம் தரப்பு ஆட்களை வைத்து விற்பதை எஸ்எஸ்ஜி 2024 டிசம்பர் 1 முதல் பயிற்சி நிறுவனங்களுக்குத் தடை செய்துவிட்டது. தலைக்கு இவ்வளவு என்று தரகு வாங்குகிறவருக்கு உங்களுக்கு எந்தப் பயிற்சி பொருந்தும் என்பதில் என்ன அக்கறை இருக்கும்? வயதானவர்களிடம் "உங்கள் 500 வெள்ளி சும்மா கிடக்கிறது" என்று சொல்லி, அங்கேயே கைப்பேசியை வாங்கி சிங்பாஸில் நுழைந்தவர்களைப் பற்றி மாணவர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். சிங்பாஸை யாரிடமும் கொடுக்கக் கூடாது. ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையைக் காசாக மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அது குற்றம், நீங்களும் மாட்டிக்கொள்வீர்கள்.

இன்னொன்று: ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையைக் கேட்டு நீங்கள் விண்ணப்பிப்பது, வகுப்பு தொடங்குவதற்கு முந்தைய 60 நாளுக்குள் இருக்க வேண்டும். தொடங்கிய பிறகு கேட்டால் கிடைக்காது.

அக்கா, நான் வொர்க் பெர்மிட்டில் இருக்கிறேன். எனக்கும் இந்த மானியம் கிடைக்குமா?

கிடைக்காது தம்பி. குடிமக்கள், நிரந்தரவாசிகள், நீண்டகால வருகை அனுமதி பிளஸ் அட்டை வைத்திருப்பவர்களுக்குத்தான். உங்களுக்காகவும் முதலாளி தீர்வை கட்டுகிறார் என்று மேலே சொன்னேன். அந்தத் தீர்வை சேரும் நிதியிலிருந்து உங்கள் பயிற்சிக்கு மானியம் இல்லை. இது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது, ஆனால் விதி அதுதான். ஆகவே "ஸ்கில்ஸ்ஃபியூச்சரில் வாங்கித் தருகிறேன்" என்று விடுதியில் யாராவது காசு கேட்டால் அது பச்சைப் பொய். கட்டுமானத்துக்குத் தேவையான பாதுகாப்புப் பயிற்சி போன்றவற்றுக்கு முதலாளிதான் ஏற்பாடு செய்ய வேண்டும். அந்தப் பயிற்சி தமிழிலும் நடக்கிறது.

கம்பெனியே அனுப்புகிறது. எனக்கு இதில் கவலைப்பட என்ன இருக்கிறது?

பணக் கவலை இல்லை. நீங்கள் வகுப்பில் இருக்கும் நேரத்துக்கு முதலாளிக்கு மணிக்கு 4 வெள்ளி 50 காசு வரை ஈடு கிடைக்கும். சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்குக் கட்டணத்திலும் அதிகச் சலுகை. அதனால்தான் சில முதலாளிகள் வேலைக்குச் சம்பந்தமே இல்லாத வகுப்புக்கும் ஆளை அனுப்புகிறார்கள். பயிற்சிப் பட்டியலில் உங்கள் பெயர் இருந்தும் நீங்கள் போகவே இல்லை என்றால் பேசாமல் இருக்காதீர்கள்.

வகுப்பு எடுப்பவருக்குத் தகுதி வேண்டாமா?

வேண்டும். டபிள்யுஎஸ்கியூ வகுப்பு நடத்த, பெரியவர்களுக்குக் கற்பிக்கும் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். முன்பு ஆக்டா என்றார்கள், இப்போது ஏசிஎல்பி. 2008இல் தொடங்கிய பெரியவர் கற்றல் கழகம் அதை நடத்துகிறது. ஆனால் சான்றிதழ் இருப்பவரெல்லாம் அந்தத் தொழில் தெரிந்தவர் என்று நினைக்காதீர்கள். சமையல் பாதுகாப்பு சொல்லிக் கொடுப்பவர் ஒரு நாளாவது சமையலறையில் நின்றிருக்கிறாரா என்று கேட்பதில் தப்பே இல்லை.

நான் ஃப்ரீலான்ஸ் பயிற்றுநர். கல்லூரியின் வகுப்பைத்தான் எடுத்தேன், ஆனால் இடையில் உள்ள நிறுவனம் மூன்று மாதமாகப் பணம் தரவில்லை. கல்லூரியைக் கேட்கலாமா?

இந்தக் கேள்வி வந்ததில் ஆச்சரியமில்லை. சங்கிலி நீண்டால் கடைசிக் கண்ணிக்குப் பணம் கடைசியில்தான் வரும். "கல்லூரி எங்களுக்குக் கொடுத்ததும் தருகிறோம்" என்பது வழக்கமான பாட்டு.

சட்டப்படி உங்கள் ஒப்பந்தம் யாரோடோ அவரிடம்தான் கேட்க முடியும். கல்லூரிக்கும் உங்களுக்கும் நேரடி ஒப்பந்தம் இல்லை. ஆனாலும் கல்லூரிக்கு ஒரு வரி எழுதிப் பாருங்கள், தன் பெயர் கெடுவதை எந்தக் கல்லூரியும் விரும்பாது. 2018இல் சுயதொழில் செய்வோருடன் ஒப்பந்தம் செய்வதற்கான முத்தரப்புத் தரநிலை ஒன்று வந்தது. வேலை என்ன, எவ்வளவு ஊதியம், எப்போது கட்ட வேண்டும் என்பதையெல்லாம் எழுத்தில் வைக்கச் சொல்கிறது. அதை ஏற்ற நிறுவனமா என்று பாருங்கள். பணத் தகராறில் சமரசத்துக்கு டாட்எம் எனும் முத்தரப்புச் சமரச அமைப்பு உண்டு, சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றமும் உண்டு. அடுத்த முறை "வகுப்பு முடிந்து 30 நாளுக்குள், கல்லூரி கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும்" என்ற வரி இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். மறக்கக் கூடாத இன்னொன்று: நமக்கு யாரும் சேமநிதி போட மாட்டார்கள். ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மருத்துவச் சேமிப்பான மெடிசேவுக்கு நாமே கட்ட வேண்டும்.

மற்ற நாடுகளில் எப்படி?

இங்கிலாந்தை மட்டும் சொல்கிறேன், அங்கேதான் இந்த விவாதம் அதிகம். அரசுப் பணம் பெறும் கல்லூரிகள் பெரியவர் கல்வியின் ஒரு பகுதியை வெளி நிறுவனங்களுக்குத் துணை ஒப்பந்தமாகக் கொடுப்பது அங்கே பழைய வழக்கம். அதில் எவ்வளவு பிடித்துக்கொள்கிறோம், எதற்காக என்ற கொள்கையைக் கல்லூரிகள் தங்கள் இணையத்தளத்தில் வெளியிட வேண்டும் என்று நிதி விதிகளே சொல்கின்றன. கல்லூரியின் பெயரைத் தட்டினால் ஆவணம் வந்துவிடும்.

அந்த ஒரு பழக்கம் இங்கேயும் வந்தால் எனக்குப் பிடிக்கும். மற்றபடி அவர்கள் முறை பெரிய முன்மாதிரி என்று சொல்ல மாட்டேன். அங்கும் பல ஆண்டு முறைகேடுகளுக்குப் பிறகுதான் விதிகள் இறுகின.

எனக்கு 58 வயது, ஆங்கிலம் அவ்வளவு வராது. தமிழில் ஏதாவது இருக்கிறதா?

குறைவு, ஆனால் இருக்கிறது. உணவு கையாள்வோருக்கான உணவுப் பாதுகாப்பு முதல் நிலைப் பயிற்சியைத் தமிழில் நடத்தும் நிலையங்கள் உண்டு. எல்லா மாதமும் நடக்காது, ஆள் சேர்ந்தால்தான் திறப்பார்கள். அதனால் உணவகத்தில் கூட வேலை செய்யும் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு போன் போடுங்கள், தேதி சீக்கிரம் கிடைக்கும். ஆங்கிலத்தைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ள நினைத்தால், டபிள்யுபிஎல்என் என்ற வேலையிட எழுத்தறிவு, எண்ணறிவுப் பயிற்சி இருக்கிறது. பல டபிள்யுஎஸ்கியூ பயிற்சிகளின் சேர்க்கைத் தகுதியில் அதன் நிலையைத்தான் எழுதியிருப்பார்கள். 50 வயதைத் தாண்டியவர்களுக்குத் தேசிய மூத்தோர் கல்விக் கழகத்தின் வகுப்புகளும் உண்டு, அவை வேலைக்கு என்றில்லாமல் ஆர்வத்துக்காகவும் படிக்கலாம்.

நேரில் கேட்க விரும்பினால் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவில் தமிழில் பேசலாம். பாய லேபாரில் உள்ள வாழ்நாள் கற்றல் நிலையத்துக்கும் ஜூரோங் ஈஸ்ட்டில் தேவன் நாயர் பெயரில் உள்ள வேலைவாய்ப்புக் கழகத்துக்கும் போகலாம். போகும்போது அடையாள அட்டையும், சிங்பாஸ் உள்ள கைப்பேசியும், முன்பு படித்த சான்றிதழ்கள் ஏதும் இருந்தால் அவையும் எடுத்துப் போங்கள். பிள்ளைகளில் ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போவது நல்லது, ஆனால் கேள்விகளை நீங்களே கேளுங்கள்.